ஏறின கியர்லதான் இறங்கணும்!

குற்றாலத்துக்குப் போகிறவர்களில் மூன்று ரகம் உண்டு. அருவியில் குளிக்கப் போகிறவர்கள் முதல் ரகம். பிரானூர் பார்டரில் புரோட்டா சாப்பிடுவதற்காகப் போய்விட்டு, 'போனதுதான் போனோம்' என்று தலையையும் நனைத்துக்கொண்டு வருகிறவர்கள் இரண்டாவது ரகம். மூன்றாவது ரகத்தில் ஒரே ஒருத்தன்தான் இருக்கிறான். அவன் என் மச்சான். சகதர்மிணியின் தம்பி. அருவிக்கு முன்னால் நின்றுகொண்டு, கையில் செல்போனை வைத்து, 'டிஃபரன்ஷியல் எப்படி வேலை செய்கிறது' என்று வீடியோ பார்க்கிற ஜாதி!

பையன் பி.இ. மெக்கானிக்கல். சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை. மெக்கானிக்கல் என்றதும் கையில் ஸ்பேனர், சட்டையில் கிரீஸ் என்று கற்பனை செய்துவிடாதீர்கள். காலையிலிருந்து மாலை வரை எக்செல் ஷீட்தான். சொந்தமாகக் கார் கிடையாது. பைக்குக்கே இன்னும் நாலு தவணை பாக்கி. ஆனால், எந்தக் காரின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று கேளுங்கள், புட்டுப் புட்டு வைப்பான். எல்லாம் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் யூடியூபில் படித்தது.

நானோ பி.காம். எனக்குக் கார் என்றால் நாலு சக்கரம், ஒரு சாவி, நிறையச் செலவு. 2012 மாடல் மாருதி 800 ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி வைத்திருக்கிறேன். 1983 டிசம்பரில் முதல் வண்டி வெளிவந்து, 2014 ஜனவரியோடு உற்பத்தி நின்றுபோன அதே 800. மூன்று சிலிண்டர், 796 சி.சி. அந்த நாலு சி.சி-யை எவன் தின்றான் என்று ஒரு ஆடிட்டர் நண்பர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஒரு ஜூலை மாதச் சனிக்கிழமை. நான், மனைவி, ஏழு வயது மகள், மச்சான். மதுரையிலிருந்து புறப்பட்டோம். கிளம்புவதற்கு முன் வண்டியைச் செவ்வனே தயார் செய்திருந்தேன். புது சீட் கவர், புது ஸ்பீக்கர், டாஷ்போர்டில் தலையாட்டும் பொம்மை. ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் பில்.

"பிரேக் ஆயில் மாத்தினீங்களா அத்தான்?" என்றான் மச்சான்.

"பிரேக் நல்லாத்தானே பிடிக்குது... எதுக்கு மாத்தணும்?" என்றேன்.

இந்த வசனத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

* * *

ராஜபாளையம், சிவகிரி, எலுமிச்சை மணக்கும் புளியங்குடி, கடையநல்லூர்... வலது பக்கம் மலை கூடவே ஓடி வந்தது. மச்சானின் லெக்சரும் கூடவே வந்தது.

"அத்தான், ஒரு கார் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடணும், உள்பக்கச் சக்கரம் கம்மியா ஓடணும். தெரியுமா?"

"அதுக்கென்ன இப்போ?"

"ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல ஒண்ணேகால் மீட்டர் இருக்குன்னு வைங்க. ஒரு முக்குல தொண்ணூறு டிகிரி திரும்பினா, வெளிச்சக்கரம் கிட்டத்தட்ட ரெண்டு மீட்டர் கூடுதலா ஓடும். ரெண்டையும் ஒரே கம்பியில இறுக்கி வெச்சா ஒண்ணு தரையில தேஞ்சு இழுபடும். அதைத் தடுக்கத்தான் டிஃபரன்ஷியல்."

யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். கல்யாண ஊர்வலம் தெருமுனையில் திரும்பும்போது பார்த்திருப்பீர்கள். உள்பக்கம் நிற்கிற நாயனக்காரர் நின்ற இடத்திலேயே காலை மாற்றி வைப்பார். வெளிப்பக்கம் பெட்ரோமாக்ஸ் சுமந்து வந்த ஆள் அந்தக் காலத்தில் ஓட்டமும் நடையுமாகச் சுற்றி வர வேண்டியிருக்கும். இருவர் தோளிலும் ஒரே மூங்கிலைக் கட்டிவிட்டால் ஒருத்தர் விழுவார்.

இதை அவன் எங்கே பார்த்தான் என்று கேட்டேன். வந்த பதிலில் வண்டியைக் கொஞ்சம் மெதுவாக்கினேன். 1937-ல் எடுத்த படமாம்! அமெரிக்காவில் ஷெவர்லே கம்பெனிக்காக ஜாம் ஹேண்டி நிறுவனம் தயாரித்த 'அரவுண்ட் த கார்னர்'. மோட்டார் சைக்கிள் வீரர்கள் அணிவகுத்து வளைந்து வளைந்து ஓட்டுவதில் ஆரம்பிக்கிறது. பிறகு ஒரு அச்சு, இரண்டு சக்கரம். சக்கரங்களுக்கு நடுவே சில குச்சிகள். குச்சிகளை ஒவ்வொன்றாகக் கூட்டி, தடிப்பாக்கி, கடைசியில் பார்த்தால் அதுதான் பல்சக்கரம்! பத்து நிமிஷம்கூட இல்லை. பல வருஷம் கழித்து அது இணையத்துக்கு வந்து, உலகம் முழுக்க கார் பைத்தியங்கள் 'இதைவிட நன்றாக யாரும் சொன்னதில்லை' என்று கைதட்டுகிறார்கள்.

இன்றைக்கு இதே வேலையைச் செய்ய ஒரு கூட்டமே இருக்கிறது. அமெரிக்காவில் ஜேசன் ஃபென்ஸ்கி என்ற மெக்கானிக்கல் எஞ்சினீயர் 2011-லிருந்து ஒரு வெள்ளைப் பலகையை வைத்துக்கொண்டு எஞ்சின் பாடம் எடுக்கிறார். பக்கத்துக் கேரளத்துக்காரரான சபின் மேத்யூ, முதலில் 'லேர்ன் எஞ்சினீயரிங்' என்றும் பிறகு 'லெசிக்ஸ்' என்றும் பேர் வைத்து கிளட்ச், கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் படமாகப் பிரித்துப் பிரித்துக் காட்டுகிறார். தமிழில் மெக்கானிக்குகளே பேசுகிற வீடியோக்களும் ஏராளம்.

"இவ்வளவும் பார்த்து நீ என்னடா பண்ணப் போறே? உன்கிட்ட காரே இல்லையே!" என்றேன்.

"கிரிக்கெட் பார்க்கிறவங்க எல்லாம் பேட்டா வெச்சிருக்காங்க?" என்றான்.

பின் சீட்டிலிருந்து அவன் அக்கா கிளுக்கென்று சிரித்தாள். நான் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினேன். புது ஸ்பீக்கர் அல்லவா?

* * *

குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்தது. ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரம்பித்தால் செப்டம்பர் வரை இந்த ஊருக்கென்று தனி வானிலை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் மழை கொட்டும். மிச்சம் மீதி மேகம் கணவாய் வழியாக எட்டிப் பார்த்து, இந்தப் பக்கம் பன்னீர் தெளிக்கும். அதற்குப் பேர் சாரல். குடையை விரித்தால் மழை இல்லை, மடக்கினால் நனைகிறோம்.

பேரருவியில் வரிசை. ஐந்தருவியில் அதைவிட வரிசை. சின்ன வயசில் பார்த்த அதே எண்ணெய் மசாஜ்காரர்கள், அதே பலாப்பழ வாசனை, குவித்து வைத்த ரம்புட்டான், மங்குஸ்தான். பேரருவிக்கு அடியில் தலையைக் கொடுத்தால் ஆபீஸ், மேனேஜர், ஜி.எஸ்.டி. எல்லாம் தோளிலிருந்து இறங்கி சிற்றாறு வழியாகத் தாமிரபரணியை நோக்கிப் போய்விடுகின்றன. சுங்கம் இல்லை.

இந்த ஊரில் ரசிகமணி டி.கே.சி. இருந்தார். கம்பனை அவர் விளக்கிச் சொன்னால் கேட்பதற்கென்றே ராஜாஜியும் கல்கியும் தேடி வந்த வீடு குற்றாலத்து வீடு. 1954-ல் காலமானார். பாட்டை எழுதுவது ஒரு கலை என்றால், அதைப் பிரித்துக் காட்டி 'இதோ பார், இங்கேதான் அழகு இருக்கிறது' என்று தொட்டுக் காட்டுவது இன்னொரு கலை. அதைச் செய்தவருக்கு ஊர் கொடுத்த பட்டம் ரசிகமணி.

தலை துவட்டிக்கொண்டே இதைச் சொன்னேன். "அப்போ நான் கியர் பாக்ஸ் ரசிகமணி அத்தான்" என்று மச்சான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். சட்டையே போட்டிருக்கவில்லை. துண்டைத்தான் தூக்கிவிட்டுக்கொண்டான்.

* * *

ஞாயிற்றுக்கிழமை காலை. 'பாலருவி பார்க்கலாம்' என்று கிளம்பினோம். செங்கோட்டை தாண்டி, புளியரை தாண்டி, எஸ் என்ற எழுத்தை யாரோ கோபத்தில் கிறுக்கினதுபோல் வளையும் சாலையில் ஏறினால் கோட்டைவாசல். அதுதான் எல்லை. அதற்கு அப்பால் ஆரியங்காவு, கேரளா.

இந்தக் கணவாய் ரொம்பப் பழைய வழி. கொல்லம் - செங்கோட்டை ரயில் பாதையை 1904-ல் முடித்தார்கள். மீட்டர் கேஜ். 2010-ல் நிறுத்தி, அகலப் பாதையாக்கி, 2018-ல் மறுபடி திறந்தார்கள். குகைகள், பாலங்கள், கழுதுருட்டிப் பக்கம் பதின்மூன்று கண் பாலம் எல்லாம் உண்டு. அகலப் பாதை வந்த பிறகும், ஏற்றத்தில் தள்ளவும் இறக்கத்தில் பிடித்துக்கொள்ளவும் ரயிலுக்குப் பின்னால் இன்னொரு எஞ்சினைக் கோத்தார்கள். மலை என்றால் ரயிலுக்கே அவ்வளவு மரியாதை. எனக்குத்தான் இல்லை.

பாலருவி முந்நூறு அடி உயரத்திலிருந்து, பேருக்கு ஏற்றபடி பாலாக விழுந்தது. குளித்தோம், வடை சாப்பிட்டோம், திரும்பினோம். கோட்டைவாசலில் கருப்பசாமியைக் கும்பிட்டுவிட்டு லாரிக்காரர்கள் வண்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாமும் ஒரு கும்பிடு போட்டு, இறக்கத்தைப் பிடித்தோம்.

இங்கேதான் பி.காம். மூளை வேலை செய்தது. இறக்கம்தானே? வண்டி தானாக உருளும்தானே? பெட்ரோல் எதற்கு வீணாக? கியரை நியூட்ரலில் தள்ளினேன். எஞ்சின் சமர்த்தாக முணுமுணுத்தது.

"அத்தான், நியூட்ரல்ல விடாதீங்க..."

"லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல விக்குது மாப்ளே. உன் வீடியோவா போடும்?"

முன்னால் ஒரு லாரி ஆமை வேகத்தில் இறங்கியது. அதன் பின்னாலேயே பிரேக்கில் வைத்த காலை எடுக்காமல் இறங்கினேன். ஒரு வளைவு. இரண்டு வளைவு. எதிரே கேரளா போகும் லாரிகள் கண்ணாடியை உரசுகிறதுபோல் ஏறிவந்தன. ஏதோ கருகுகிற வாசனை வந்தது. லாரிக்காரன் டயர் என்று நினைத்துக்கொண்டேன். நம் மேல் சந்தேகமே வராது பாருங்கள், அதுதான் மனித சுபாவம்.

மூன்றாவது வளைவுக்கு முன்னால் பிரேக்கை அழுத்தினேன். கால் பஞ்சு மெத்தையில் பதிந்ததுபோல் உள்ளே போனது. போய்க்கொண்டே இருந்தது. பலகையைத் தொட்டுவிட்டது. வண்டி நிற்கவில்லை.

லாரியின் பின்பக்கம் பெரிசாகிக்கொண்டே வந்தது. 'ஒலி எழுப்புக' என்று அதில் எழுதியிருந்தது. எழுப்பினேன், தொண்டையிலிருந்து!

"அத்தான்! செகண்ட் கியர்! செகண்ட் போடுங்க! பிரேக்கை விட்டு விட்டு அமுக்குங்க!"

கை நடுங்கியதில் கியர் மாட்டவில்லை. கிர்ர்ரென்று ஒரு சத்தம். மறுபடி தள்ளினேன். விழுந்தது. எஞ்சின் அலறியது. யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்ததுபோல் வண்டி திமிறியது. மச்சான் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்துக்கொண்டான். ஒரேயடியாக இழுக்காமல், பட்டனை அழுத்தியபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தான். நான் பிரேக்கை நாலைந்து தடவை குத்தினேன். இடது ஓரத்தில் மண். அதில் ஏற்றினேன். முதல் கியர். நின்றது.

லாரிக்கும் எங்களுக்கும் இடையில் எத்தனை அடி என்று கேட்காதீர்கள். 'ஒலி எழுப்புக'வின் 'க' மட்டும் கண்ணாடி முழுக்கத் தெரிந்தது.

யாரும் பேசவில்லை. திரும்பிப் பார்த்தேன். மகள் ரம்புட்டான் பையை மார்போடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அப்பா, மறுபடியும் அப்படிப் பண்ணு" என்றாள். அவளுக்கு அது ராட்டினம். அவள் அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. இன்றுவரை அந்த நிமிஷத்து முகத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு வரவில்லை.

* * *

கொஞ்சம் தள்ளி, சுமை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த லாரி ஒன்று ஓரம் கட்டி நின்றது. அதன் டிரைவர் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயசிருக்கும். எங்கள் வண்டியிலிருந்து புகை வருவதைப் பார்த்து வந்தார். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து சக்கரத்தில் ஊற்றப் போனேன்.

"ஊத்தாதீய சார்! கொதிக்கிற டிஸ்க்குல பச்சத் தண்ணிய ஊத்தினா கோணிக்கிடும். சும்மா கெடக்கட்டும். நியூட்ரல்ல வந்தீயளோ?"

தலையை ஆட்டினேன்.

"ஏறின கியர்லதான் சார் இறங்கணும். எங்க வாத்தியார் எனக்குச் சொல்லித் தந்த மொத பாடம். பிள்ளைய வேற கூட்டிட்டு வந்திருக்கீய..."

மேற்கொண்டு திட்டவில்லை. அந்தக் கடைசி வாக்கியம் போதுமானதாக இருந்தது.

மச்சான் மெதுவாக ஆரம்பித்தான். இந்தத் தடவை நான் பாட்டுச் சத்தத்தைக் கூட்டவில்லை.

"அத்தான், நம்ம நாலு பேர், சாமான் எல்லாம் சேர்த்து வண்டி ஆயிரம் கிலோன்னு வைங்க. நூறு மீட்டர் உயரம் இறங்கினா, கிட்டத்தட்ட பத்து லட்சம் ஜூல் சக்தி எங்கேயாவது போகணும். மூணு லிட்டர் பச்சைத் தண்ணியைக் கொதிநிலைக்குக் கொண்டுவர்ற அளவு சூடு அது. கியர்ல இருந்தா எஞ்சின் அதுல ஒரு பங்கை வாங்கிக்கும். நியூட்ரல்ல விட்டா மொத்தமும் பிரேக் தலையில!"

எஞ்சின் எப்படி வாங்கிக்கொள்ளும்? மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்துப் பாருங்கள். எவ்வளவு சிரமம்! ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், பெட்ரோல் எஞ்சினுக்குக் காற்று போகிற கதவு கிட்டத்தட்ட மூடிக்கொள்கிறது. ஆனால், சக்கரம் கியர் வழியாக எஞ்சினைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிஸ்டன்கள் மூடின கதவை எதிர்த்து மூச்சை இழுக்கின்றன. அந்தச் சிரமம்தான் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. கியர் சிறிசாக ஆக, பிடி அதிகம்.

"சரி, பெட்ரோல் மிச்சமாச்சே?" என்றேன் பரிதாபமாக.

"அதுவும் இல்லை அத்தான். பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டியில, கியர்ல போட்டு காலை எடுத்துட்டு இறங்கினா, கம்ப்யூட்டர் பெட்ரோலை சுத்தமா நிறுத்திடும். சக்கரமே எஞ்சினைச் சுத்துதே, எதுக்கு பெட்ரோல்? நியூட்ரல்ல விட்டாத்தான் எஞ்சின் அணையாம இருக்க பெட்ரோல் செலவாகும்."

கணக்கைப் பார்த்தீர்களா? மிச்சம் பிடிக்கிறேன் என்று செலவு செய்துகொண்டு வந்திருக்கிறேன். இருபது வருஷமாக அடுத்தவர் கணக்கைச் சரிபார்த்த பி.காம்!

லாரி டிரைவர் இதையெல்லாம் பீடியைப் பற்றவைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "தம்பி சொல்லுதது கரெக்ட்டு. எனக்கு இந்த ஜூலு கீலு எல்லாம் தெரியாது. சில பேரு சாவியையே அணைச்சிட்டு இறங்குதானுவ. பூஸ்டர் வேலை செய்யாது, ஸ்டியரிங் வேற பூட்டிக்கிட்டா, சோலி முடிஞ்சுது" என்றார்.

பன்னிரண்டு நிமிஷ வீடியோ சொல்வதை அவருடைய வாத்தியார் மூன்று வார்த்தையில் சொல்லியிருக்கிறார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. இவன் சொன்னான். இரண்டு பேரில் ஒருத்தர் சொன்னதையாவது நான் முன்னாலேயே கேட்டிருக்கலாம்.

முக்கால் மணி நேரம் கழித்து பிரேக்கை அழுத்திப் பார்த்தேன். கல் மாதிரி நின்றது! "சரியாயிடுச்சே!" என்று துள்ளினேன்.

"அதான் அத்தான் டேஞ்சர். ஆறினதும் திரும்பி வரும். சரியாயிடுச்சுன்னு நினைச்சு மறுபடி ஓட்டுவோம்" என்றான் மச்சான்.

டிரைவர் அண்ணாச்சி, "என் பின்னால வராதீய, எனக்கு முன்னால போங்க. செகண்ட விட்டு மாத்தாதீய" என்றார். பிரேக் இல்லாதவன் பின்னால் வருவதைவிட முன்னால் போவது அவருக்குப் பாதுகாப்பு என்று நினைத்தேன். பிற்பாடுதான் புரிந்தது. பின்னால் அவசரக்கார வண்டி எதுவும் எங்களை நெருக்காமல் அத்தனை பெரிய லாரியைக் குறுக்கே வைத்து, தென்காசி எல்லை வரை கூட்டி வந்து விட்டார். பேர் கேட்க மறந்துவிட்டேன்.

* * *

தென்காசியில் ஒரு தகர ஷெட். 2019 நவம்பரில் தனி மாவட்டத்தின் தலைநகரான ஊர். பக்கத்து மத்தளம்பாறையில் சோஹோ கம்பெனிக்காரர்கள் தென்னந்தோப்புக்கு நடுவே சாஃப்ட்வேர் எழுதுகிறார்கள். இந்த ஷெட்டுக்குள் மட்டும் இன்னும் சாஃப்டான பொருள் எதுவும் நுழையவில்லை.

மெக்கானிக் அண்ணாச்சி பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்தார். எட்டிப் பார்த்தார். எங்களையும் பார்க்கச் சொன்னார். கருப்பட்டிக் காப்பி!

"எப்ப சார் மாத்துனது?"

"நான் வாங்கி அஞ்சு வருஷம் ஆச்சு... முந்தின ஓனர்..."

"அப்ப முந்தின ஓனரும் அவருக்கு முந்தின ஓனரத்தான் சொல்லியிருப்பாரு."

பிரேக் ஆயில் என்கிறோமே தவிர அது எண்ணெய் ஜாதியே இல்லையாம். காற்றில் இருக்கும் ஈரத்தைச் சும்மா இருந்தபடியே உறிஞ்சிக்கொள்ளுமாம். வண்டி ஓடினாலும் சரி, ஷெட்டில் நின்றாலும் சரி. டாட் 3 என்ற ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. 3.7 சதவிகிதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால், 140 டிகிரி தாங்கினாலே தரச் சான்றுக்குப் போதும். டாட் 4 என்றால் 230, ஈரம் சேர்ந்தால் 155. கொதித்தால் குமிழி. திரவத்தை அமுக்க முடியாது, குமிழியை அமுக்கலாம். ஊசி மருந்துக் குழலில் காற்று நின்றால் என்ன ஆகும்? நீங்கள் அமுக்கின அமுக்கெல்லாம் குமிழியைச் சுருக்குவதற்கே போய்விடும். சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது. அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள்.

எனக்கு டெப்ரிசியேஷன் தெரியும். மேஜை, நாற்காலி, பீரோவுக்கெல்லாம் வருஷா வருஷம் தேய்மானம் எழுதுகிறவன். ஒரு டப்பாவுக்குள் தினம் தினம் தேய்மானம் நடந்திருக்கிறது. எந்த லெட்ஜரிலும் நான் பதியவில்லை.

மச்சான் உற்சாகமாகி, "நான் வீடியோவில பார்த்தேன் அண்ணாச்சி..." என்று ஆரம்பித்தான். அண்ணாச்சி முறைப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"நானும் பாக்கேன் தம்பி. இங்கிலீசு புரியாது. சத்தத்தை அணைச்சிருவேன். படத்தைப் பாத்தாப் போதும்லா? முப்பது வருஷமா கிளட்சைக் கழட்டி மாட்டுதேன். அது உள்ள சுத்தும்போது எப்படி இருக்கும்னு கண்ணால பாத்ததே கெடையாது. நின்னு போனதைத்தானே நாம கழட்டுதோம்! ஓடும்போது உள்ள பாத்தது அந்த வீடியோவுலதான்" என்றார்.

இந்த வார்த்தை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. டாக்டர்களுக்கு எக்ஸ்ரே வந்ததுபோல் ஒரு மெக்கானிக்குக்கு இது வந்திருக்கிறது.

"ஆனா ஒண்ணு தம்பி" என்று, கழற்றிய பிரேக் பேடை அவன் மூக்கருகே நீட்டினார். "மோந்து பாரு. இந்த வாசனை அதுல வருமா?"

மச்சான் முகர்ந்தான். மலையில் எனக்கு வந்த அதே வாசனை. லாரிக்காரன் தலையில் நான் கட்டின வாசனை. "கிளட்சு கருகினா ஒரு நாத்தம், பிரேக்குக்கு ஒரு நாத்தம், வயர் கருகினா இன்னொரு நாத்தம். அப்பறம் பெடல்ல கால் வச்சாத் தெரியுற மெத்துமெத்து. இதெல்லாம் வண்டிக்கு அடியில கெடந்தாத்தான் வரும்" என்றார். கூடவே, எடுபிடிப் பையனைக் கூப்பிட்டு, "ஏல, சாருக்கு பிரேக்கை ரத்தம் எடுக்கணும், வா" என்றார். பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றுவதற்கு அவர் வைத்த பேர் அது. மச்சானைக் கார் சீட்டில் உட்காரவைத்து, "அமுக்கு... பிடிச்சுக்கோ... விடு..." என்று ஒரு மணி நேரம் வேலை வாங்கினார். நாலு வருஷம் பி.இ. படித்தவன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு காரை ரிப்பேர் செய்தான். கையெல்லாம் கறுப்பு. முகமெல்லாம் சிரிப்பு.

பில் ஆயிரத்து எண்ணூறு. அதில் பிரேக் ஆயிலுக்கு மட்டும் என்று பார்த்தால் சில நூறு ரூபாய்தான். தலையாட்டும் பொம்மையின் விலைகூட வரவில்லை.

* * *

சாயங்காலம் காசி விஸ்வநாதர் கோயிலுக்குப் போனோம். சும்மா இல்லை, சகதர்மிணியின் உத்தரவு. ஒன்பது நிலைக் கோபுரம். அதன் வாசலில் நுழைந்தால் பொதிகைக் காற்று முதுகில் கை வைத்து உள்ளே தள்ளும். மகள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு கூச்சலிட்டாள்.

பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டிய கோயில் இது. பழைய கோபுரம் சிதைந்து, நெடுங்காலம் மொட்டையாகவே நின்றது. புதிதாகக் கட்டி 1990-ல் கும்பாபிஷேகம் செய்தார்கள். அந்த ராஜா இங்கே கல்லில் வெட்டி வைத்த செய்தி ஒன்று பிரசித்தம். 'இந்தக் கோயிலில் பின்னாளில் ஏதாவது பழுது வந்தால், அதைச் சரிசெய்து காப்பாற்றுகிறவர்கள் காலில் நான் இப்போதே விழுகிறேன்' என்ற அர்த்தம் வரும்படி எழுதியிருக்கிறான்.

இதற்கு முன்னால் இரண்டு தடவை இந்தக் கோயிலுக்கு வந்திருக்கிறேன். 'அடேயப்பா, ராஜாவுக்கு என்ன பணிவு!' என்று வியந்துவிட்டுப் போய்விட்டேன். இந்தத் தடவை வேறு மாதிரி கேட்டது. கட்டினவனுக்குத்தான் தெரிந்திருக்கிறது, எதுவும் தானாக நிற்காது என்று. யாரோ ஒருத்தன் வருஷா வருஷம் ஏறிப் பார்க்க வேண்டும். செடி முளைத்தால் பிடுங்க வேண்டும், விரிசல் கண்டால் பூச வேண்டும். அவன் பேர் எந்தக் கல்வெட்டிலும் வராது. அதனால்தான் முன்கூட்டியே அவன் காலில் விழுந்து வைத்திருக்கிறான்.

நான் மெக்கானிக் அண்ணாச்சியின் கறுத்த விரல்களை நினைத்துக்கொண்டேன். பேர் கேட்க மறந்த லாரி டிரைவரையும்.

திரும்பும்போது மனைவி முன் சீட்டில் உட்கார்ந்தாள். மச்சானும் மகளும் பின்னால். கடையநல்லூர் தாண்டினதும் மகள், "மாமா, சக்கரம் எப்படித் திரும்பும்னு காட்டு" என்றாள். பின் சீட்டில் செல்போன் வெளிச்சம். 1937-ஆம் வருஷத்து மோட்டார் சைக்கிள்கள் அணிவகுத்து வளைந்தன.

"சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைடா, எனக்கும் கேக்கட்டும்" என்றேன்.

"நீங்க ரோட்டைப் பாருங்க" என்றாள் சகதர்மிணி. அந்த இரண்டு நாளில் அவள் என்னிடம் முழுசாகப் பேசிய முதல் வாக்கியம் அதுதான். பார்த்தேன். இறக்கமே இல்லாத தட்டைச் சாலை. ஆனாலும், கை தானாகப் போய் கியரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.